மிதித்தால் உதறும் கார்: பழுதைத் தேடும் வழி

நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மெதுவாக ஓட்டினாலும் தொல்லை இல்லை. மேம்பாலம் ஏறவோ முன்னால் போகும் லாரியை முந்தவோ ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் வண்டி உதறும். கார் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. "அலைன்மென்ட், பேலன்ஸிங் பண்ணிப் பாத்துடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில். அதில் சரியாகாவிட்டால் பிளக் மாறும். அடுத்து இன்ஜின் மவுண்டிங், அதற்கும் அடுத்து டிரைவ் ஷாஃப்ட். நான்காவது பில்லில் உதறல் நின்றுவிட்டால் முதல் மூன்று பில்கள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

உதறலுக்கான காரணங்களைப் பட்டியல் போட்டால் இருபதைத் தாண்டும். ஆனால் அவற்றில் பெரும்பகுதியை ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே கழித்துவிடலாம். நடுக்கம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருந்தால் போதும். ஒவ்வொரு பாகமும் எந்தச் சூழ்நிலையில் உதறும், அதை எப்படி உறுதி செய்வது, எந்த வரிசையில் தேடினால் செலவு குறையும் என்பதை இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

சுழல்பவை மூன்று, சுமை ஒன்று

காரில் நடுக்கத்தை உண்டாக்கக்கூடிய சுழலும் தொகுதிகள் மூன்று: இன்ஜின், அதன் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுகள், சக்கரங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை என்பதே பழுதைத் தேடுபவருக்குக் கிடைக்கும் முதல் சாதகம்.

சிறிய கார்களில் பரவலாக உள்ள 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர்; அதாவது சக்கரம் வினாடிக்குப் பதினொன்று முதல் பன்னிரண்டு தடவை சுற்றும். அதே நேரத்தில் இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் ஓடினால் அது வினாடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு நான்கு வெடிப்பு என்பதால் வினாடிக்கு 80 வெடிப்புகள் நிகழும். ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்காமல் போனால் வினாடிக்கு 20 இடைவெளி விழும். சக்கரத்தின் கோளாறு ஸ்டீயரிங்கை மெதுவாக ஆட்டும். சிலிண்டர் விடுபட்டால் வண்டி முழுவதும் குலுங்கும். தண்டுகளின் கோளாறு இவை இரண்டையும்விட வேகமான அதிர்வாகத் தெரியும்.

இதற்கு மேல் இருப்பது சுமை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, இன்ஜின் தன் இருக்கையில் சாய்கிறது, தண்டுகளில் முறுக்கு ஏறுகிறது. சக்கரத்தின் எடைச் சமநிலையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. மிதித்தால் வந்து, காலை எடுத்தால் நின்றுபோகும் உதறலுக்குச் சக்கர பேலன்ஸிங்கை முதலில் சந்தேகிப்பதில் நியாயம் இல்லை. பட்டறையில் அதிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் அது சுலபமான வேலை, செலவும் குறைவு என்பதுதான்.

சாலையில் நான்கு சோதனைகள்

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, நல்ல சாலை வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் எக்காரணம் கொண்டும் சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்; பவர் பிரேக்கின் உதவியும் போய்விடும்.

முதலாவது, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் இன்ஜின் வேகத்தை மெல்ல 3,000 ஆர்.பி.எம். வரை ஏற்றுவது. இதிலேயே உதறினால் இன்ஜின், அதன் மவுண்டிங், பெல்ட்டில் ஓடும் உதிரிகள் ஆகியவற்றைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. உதறாவிட்டால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் நியூட்ரலில் அதற்குச் சுமையே கிடையாது.

இரண்டாவது, உதறும் வேகத்துக்குக் கொண்டுபோய்க் காலை முழுதாக எடுப்பது. அந்தக் கணமே நின்றால் சுமையால் வருவது: சிலிண்டர் விடுபடுதல், மவுண்டிங், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. வேகம் குறையும் வரை தொடர்ந்தால் சக்கரம், டயர், ஹப் பேரிங் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, ஒரே வேகத்தை இரண்டு கியரில் ஓட்டிப் பார்ப்பது. அறுபதில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டும்போது நடுக்கத்தின் தன்மை மாறினால் அது இன்ஜின் வேகத்தோடு பிணைந்தது. மாறாமல் இருந்தால் சக்கரத்தோடோ, சக்கரத்தை ஓட்டும் தண்டோடோ பிணைந்தது.

நான்காவது, நடுக்கம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனிப்பது. ஸ்டீயரிங்கில் என்றால் முன்சக்கரப் பக்கம். இருக்கையிலும் தரையிலும் என்றால் பின்பக்கம் அல்லது பின்சக்கர வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட். டாஷ்போர்டும் கியர் லீவரும் சேர்ந்து ஆடினால் இன்ஜின் அல்லது மவுண்டிங். இது உறுதியான தீர்ப்பு அல்ல, ஆனால் திசை காட்டும். இப்போதைய செல்போன்களில் உள்ள அதிர்வு உணரியைக் கொண்டு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று அளக்கும் செயலிகளும் உண்டு. மேலே போட்ட கணக்கோடு அந்த எண்ணை ஒப்பிட்டால் ஊகம் உறுதியாகும்.

மூன்று சிலிண்டர் வண்டிக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆல்டோ, க்விட், டியாகோ போன்றவற்றின் இன்ஜின் ஐடிலில் லேசாக ஆடுவது அதன் பிறவிக் குணம். புதிதாக வந்த ஆட்டம், கூடிக்கொண்டே போகும் ஆட்டம் மட்டுமே பழுது.

மிஸ்ஸிங்: முதல் சந்தேகம்

பெட்ரோல் கார் சுமையில் மட்டும் விட்டுவிட்டுக் குலுங்கி, பிக்கப்பும் குறைந்திருந்தால் பட்டறையில் அதை மிஸ்ஸிங் என்பார்கள். ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ எரிபொருள் சரியாக எரியவில்லை. எரிய மூன்று வேண்டும்: பொறி, பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்த கலவை, போதிய அழுத்தம். மூன்றில் எது குறைந்தாலும் வண்டி குலுங்கும்.

பொறியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பிளக்கின் இடைவெளியைத் தாண்டி மின்பொறி பாய்வதற்குத் தேவைப்படும் மின்னழுத்தம் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தோடு கூடுகிறது. ஐடிலில் அழுத்தம் குறைவு. தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டரில் காற்று நிறைகிறது. அப்போது பலவீனமான இக்னிஷன் காயிலின் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல், காயில் ரப்பரில் உள்ள விரிசல் வழியே உலோகத்துக்குத் தாவிவிடுகிறது. நிற்கும்போது சரியாக ஓடும் வண்டி, மேடு ஏறும்போது மட்டும் ஏன் மிஸ்ஸிங் அடிக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். பிளக் துவாரத்தில் தண்ணீரோ ஆயிலோ தேங்கினாலும் இதே கதைதான்.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே பாதி விவரம் சொல்லும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் எரிகிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது பிளக் அதிகச் சூட்டில் வேலை செய்கிறது. பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. சாதாரண நிக்கல் பிளக்கைவிட இரிடியம் பிளக் பல மடங்கு கிலோமீட்டர் தாங்கும். எது உங்கள் வண்டிக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும்.

காயிலைச் சோதிக்கப் புதுக் காயில் வாங்க வேண்டியதில்லை. வண்டியின் பிழை எண்களைப் படிக்கும் ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டர் விடுபடுகிறது என்று பொருள். இரண்டாவதின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்திச் சுமையில் ஓட்ட வேண்டும். பிழை எண் பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0302 என்றே நின்றால் காயில் தப்பியது. அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றலாம். அதுவும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், ஒயரிங், அழுத்தம் என்று போக வேண்டும். அரை மணி நேர வேலை. ஒரு பைசா உதிரிச் செலவு இல்லை. இதைச் செய்யாமலேயே நான்கு காயிலையும் மாற்றச் சொல்லும் பட்டறையிடம் காரணம் கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

ஒயரிங் என்றதும் நம் ஊரில் எலியை விட்டுவிட முடியாது. சூடான இன்ஜின் அறைக்குள் இரவில் ஏறும் எலி, இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் போகும் மெல்லிய ஒயர்களைக் கடிக்கிறது. முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மேலுறை மட்டும் உரிந்து, உள்ளே ஓரிரு இழைகளில் தொங்கும் ஒயர்தான் தொல்லை. இன்ஜின் சாயும்போது மட்டும் இணைப்பு விட்டுப்போகும். மிதித்தால் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

எரிபொருளும் காற்றும்

பொறி சரி என்றால் அடுத்தது கலவை. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ, குறைந்த தேவைக்கு ஈடுகொடுத்துவிட்டு, முழு மிதிப்பில் கைவிட்டுவிடும். இன்ஜெக்டர் அடைப்பும் இதே வகை. த்ராட்டில் பாடியில் படியும் கரி பெரும்பாலும் ஐடிலையும் மிதித்த முதல் நொடியையும் பாதிக்கும்.

ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் என்று ஒரு எண் வரும். வண்டியின் கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதே அது. ஐடிலில் மிகவும் கூட்டியும், வேகம் ஏறியதும் இயல்புக்கு வந்தும் காட்டினால், த்ராட்டிலைத் தாண்டி எங்கோ குழாய் விரிசலில் கூடுதல் காற்று நுழைகிறது. ஐடிலில் இயல்பாக இருந்து, மிதிக்க மிதிக்கக் கூட்டிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து குறைவு, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது. இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே தேவையற்ற பம்ப் மாற்றம் பலவற்றைத் தவிர்க்கலாம்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலான பிறகு எல்லா உதறலுக்கும் அதையே கை காட்டும் பழக்கம் வந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். டேங்குக்குள் போதிய நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் இந்தச் சந்தேகம் நியாயமானது. தினமும் ஓடும் வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் விடுபட்டால் அதற்கு எரிபொருளைக் குறை சொல்ல முடியாது. நான்கு சிலிண்டருக்கும் போவது ஒரே பெட்ரோல்தானே. சி.என்.ஜி. மாட்டிய வண்டிகளில் பொறிக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் இன்னும் கூடுதல். பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் சுமையில் உதறினால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கும் காயிலும்.

டீசலில் பொறி கிடையாது. ஆகவே கணக்கு வேறு. ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், தேய்ந்த இன்ஜெக்டர், திறந்தபடியே சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கிழிசல் ஆகியவை வழக்கமான காரணங்கள். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து அளவை ஒப்பிடும் சோதனை எளிது, நம்பகமானது. ஒரு குப்பியில் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகம் சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது.

கடைசியாக அழுத்தம். வால்வு எரிந்தாலோ ரிங் தேய்ந்தாலோ ஹெட் கேஸ்கட் போனாலோ கம்ப்ரெஷன் சோதனையில் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைத்துக் காட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல கார்கள் நீரில் நின்றன. நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீரை எதிர்த்துக் கனெக்டிங் ராடு வளையும். வண்டி ஓடும், ஆனால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் குறைந்து, உதறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். பழைய கார் வாங்குபவர்கள் கம்ப்ரெஷன் சோதனையைக் கேட்டு வாங்க இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மஞ்சள் விளக்கு சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் 2010 ஏப்ரல் முதல் கார்களில் தன்னைத்தானே கண்காணிக்கும் ஓ.பி.டி. ஏற்பாடு கட்டாயமானது. 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்தில் மிஸ்ஸிங்கைக் கண்காணிப்பதும் சேர்ந்தது. கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தைக் கணினி அளக்கிறது. ஒரு சிலிண்டர் வெடிக்காவிட்டால் அந்த இடத்தில் சுழற்சி ஒரு கணம் தளரும். அதை வைத்தே எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுகிறது.

டாஷ்போர்டில் உள்ள மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் கவனிக்கச் சொல்கிறது. கடுமையான மிஸ்ஸிங்கில் பல கார்களில் அது மினுக்கும். அப்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு காயிலின் விலையில் முடிய வேண்டியது கன்வெர்ட்டரின் விலைக்குப் போய்விடும். விளக்கு மினுக்கினால் காலை எடுத்து, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துவதே சரி.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பிழை பதிவான கணத்தில் வேகம், ஆர்.பி.எம்., சுமை, சூடு எவ்வளவு என்பதைக் கணினி சேமித்து வைத்திருக்கும். விளக்கோடு அந்தத் தடயமும் அழிகிறது. முதலில் படித்துக் குறித்துக்கொண்டு பிறகு அழிக்க வேண்டும். செல்போனோடு இணையும் சிறிய ஓ.பி.டி. கருவிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன.

இந்த விளக்குக்கு எல்லை உண்டு. மவுண்டிங் கிழிந்தாலும் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்தாலும் டயர் புடைத்தாலும் அது எரியாது. "ஸ்கேனர்ல ஒண்ணும் வரல சார், வண்டி நல்லாருக்கு" என்ற பதிலை ஏற்கக் கூடாது. ஒன்றும் வரவில்லை என்பதே, இன்ஜினை விட்டு வெளியே தேடு என்பதற்கான குறிப்பு.

மவுண்டிங்: பழி சுமப்பதும் பழி மறைப்பதும்

முன்சக்கரக் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காகப் படுத்து, பெரும்பாலும் மூன்று நான்கு ரப்பர் மவுண்டிங்குகளில் தொங்குகின்றன. மிதிக்கும்போது இன்ஜின் புரளப் பார்க்கும். அந்தப் புரளலைத் தாங்கும் அடிப்பக்கத் தடி ரப்பர்தான் முதலில் கிழியும். சில கார்களில் ரப்பருக்குள் திரவம் நிறைந்த மவுண்டிங் இருக்கும். அதைச் சுற்றி ஈரக் கசிவு தெரிந்தால் ஆயுள் முடிந்தது. கசியும் இன்ஜின் ஆயில் பட்டாலும் ரப்பர் ஊறி இளகும்.

சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைச் சற்றே விட்டுப் பிடிக்க வேண்டும். பார்ப்பவர் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. இன்ஜின் ஒரு பக்கம் சட்டெனத் தூக்கி, டங்கென்று விழுந்தால் மவுண்டிங் போய்விட்டது.

இதில் ஒரு கண்ணி உண்டு. மிஸ்ஸிங்கோடு நெடுநாள் ஓடிய வண்டியில் மவுண்டிங்கும் சேர்ந்து கிழியும். மவுண்டிங்கை மட்டும் புதிதாகப் போட்டால் உதறல் பாதியாகக் குறையும். சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மூலக் காரணம் உள்ளேயே இருக்கிறது. மவுண்டிங் மாற்றிய பிறகு உதறல் குறைந்ததா, முற்றிலும் நின்றதா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கிளட்சும் கியர்பாக்ஸும்

நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் அதிர்ந்து, வண்டி நகர்ந்ததும் நின்றுவிட்டால் அது கிளட்ச். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம்; நெரிசலில் அரைக் கிளட்சில் ஓட்டி ஓட்டிப் பிளேட் பளபளத்திருக்கலாம்; ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு விழுந்திருக்கலாம். பிளேட்டை மட்டும் மாற்றி, கசியும் ஆயில் சீலை விட்டுவிட்டால் அதே பழுது திரும்பும்.

தானியங்கி கியர் கார்களில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். 2014இல் செலேரியோவோடு இந்தியச் சந்தைக்கு வந்த ஏ.எம்.டி. வகையில், கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கமும் தள்ளலும் இயல்பு. டார்க் கன்வெர்ட்டர் வகையில், மிதமான வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் சில வினாடிகள் அதிர்ந்தால், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் வழுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். பழைய கியர் ஆயிலை வடித்து, நிறுவனம் சொல்லும் அதே தர ஆயிலை ஊற்றினால் பல வண்டிகளில் சரியாகும். இரட்டைக் கிளட்ச், சி.வி.டி. வகைகளில் கிளம்பும்போது வரும் நடுக்கத்தைச் சாலையோரத்தில் தீர்க்க முடியாது. அதற்குரிய மென்பொருளும் கருவியும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

டிரைவ் ஷாஃப்ட்: அதிகம் தவறவிடப்படும் இடம்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800தான் குறுக்கு இன்ஜின், முன்சக்கர ஓட்டம் என்ற அமைப்பை இந்தியத் தெருக்களில் பரவலாக்கியது. ஓட்ட வேண்டிய சக்கரமே திரும்பவும் வேண்டும், மேலும் கீழும் ஏறி இறங்கவும் வேண்டும் என்பதால் ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்டிலும் இரண்டு ஜாயிண்ட்கள்: சக்கரத்தின் பக்கம் வெளி ஜாயிண்ட், கியர்பாக்ஸ் பக்கம் உள் ஜாயிண்ட்.

வெளி ஜாயிண்ட் தேய்ந்தால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரும். அதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். உள் ஜாயிண்ட் தேய்ந்தால் பெரும்பாலும் அப்படிச் சத்தம் வராது. மிதிக்கும்போது வண்டியின் முன்பகுதி இடமும் வலமுமாக ஆடும், காலை எடுத்தால் அந்தக் கணமே நிற்கும். பல கார்களில் அதற்குள் மூன்று உருளைகள் மூன்று தடங்களில் ஓடுகின்றன. முறுக்கும் சாய்வும் கூடும்போது தேய்ந்த தடத்தில் உருளை சிக்கிச் சிக்கி நகரும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை தண்டு பக்கவாட்டில் தள்ளும். எண்பது கிலோமீட்டரில் வினாடிக்கு 34 தடவை. பேலன்ஸிங் இயந்திரத்தில் சக்கரத்தை எத்தனை தடவை ஏற்றினாலும் இது அகப்படாது.

சாய்வு கூடுவதற்கு நாமே வழி செய்கிறோம். வேகத்தடையில் அடிபடாமல் இருக்க ஸ்பிரிங்கில் ஸ்பேசர் போட்டு வண்டியை உயர்த்துவது நம் ஊரில் சகஜம். உடல் உயர்ந்தால் தண்டின் சாய்வு கூடும். நல்ல ஜாயிண்ட்கூட மிதித்தால் அதிரத் தொடங்கும். பின்னால் ஆளும் சாமானும் ஏற்றி மூக்கு தூக்கிய வண்டியிலும் இதே நிலை. ஸ்பேசர் போட்ட பிறகு உதறல் வந்திருந்தால் ஷாஃப்டை மாற்றும் முன் ஸ்பேசரைக் கழற்றிப் பாருங்கள்.

ஜாயிண்டைச் சாகடிப்பது பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் கிழிசல்தான். வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பிலும் அருகிலுள்ள கம்பிகளிலும் கறுப்பு கிரீஸ் வரிசையாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. கிரீஸ் வெளியேறி மணலும் தண்ணீரும் உள்ளே போகின்றன. உடனே கவனித்தால் பூட்டும் கிரீஸும் சில நூறு ரூபாயோடு முடியும்; விட்டுவிட்டால் ஷாஃப்டுக்குப் பல ஆயிரம். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் வாங்கிப் போடுவோர், உள் ஜாயிண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லித் தடத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளம் தட்டினால் வேண்டாம்.

இக்கோ, பொலேரோ, பழைய இன்னோவா போன்ற பின்சக்கர வண்டிகளில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. அது சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். அதன் இரு முனைகளிலும் உள்ள யூ.ஜே. கிராஸ், சாய்ந்து சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும் இயல்புடையது. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி ஒரே நேர்கோட்டில் பூட்டியிருக்க வேண்டும். கழற்றும்போது அடையாளக்கோடு போடாமல் மாற்றிப் பூட்டினால், புதுக் கிராஸ் போட்ட வண்டியும் உதறும். கிளம்பும்போது தரையடியில் அதிர்ந்தால் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கார்களில் பிளக், காயில், கிளட்ச் எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் மிதித்த மாத்திரத்தில் முழு முறுக்கையும் தருவதால் உள் ஜாயிண்டுக்கு அங்கே வேலை கூடுதல்.

சக்கரமும் டயரும்

சக்கரம் முதல் குற்றவாளி இல்லை என்பதால் முழு நிரபராதி ஆகிவிடாது. எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் வந்து, மிதித்தாலும் விட்டாலும் மாறாத ஆட்டம் பேலன்ஸிங் கோளாறால் வருவது. பள்ளத்தில் இறங்கி வளைந்த ரிம், மழைக்காலத்தில் ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறு, உள்ளே பட்டை விட்டு ஒரு பக்கம் புடைத்த டயர் ஆகியவையும் இதே வகை. புடைத்த டயரை ஒரு கிலோமீட்டர்கூட நம்பக் கூடாது. பிரேக் போட்டால் மட்டும் ஆடினால் அது டிஸ்க்கின் வேலை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். அதனால் மட்டும் உதறல் வருவது அரிது.

ஒன்று மட்டும் அவசரம். டயர் கழற்றி மாட்டிய அன்றோ மறுநாளோ புதிதாக ஆட்டம் தொடங்கினால் அடுத்த சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி வீல் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வரிசையில் தேடுவது

மேலே கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக அமைகிறது. முதலில் வீல் நட்டும் டயரும் கண்ணால் பார்க்கப்பட வேண்டும், ஏனென்றால் அவை உயிர் சம்பந்தப்பட்டவை. அடுத்துச் சாலைச் சோதனை. பிறகு ஸ்கேனர், பிழையை அழிக்காமல். மிஸ்ஸிங் பதிவாகியிருந்தால் காயில், பிளக், ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்ற ஒழுங்கில் போகலாம். பதிவு இல்லாவிட்டால் வண்டியை லிஃப்டில் ஏற்றி மவுண்டிங், பூட், உள் ஜாயிண்ட், கிராஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். பேலன்ஸிங் என்பது இரண்டாவது சோதனை அந்தப் பக்கம் கை காட்டினால் மட்டும்.

இந்த ஒழுங்கு பட்டறைகளில் நடக்காததற்கு மெக்கானிக்குகளின் அறியாமை காரணம் இல்லை. சாலையோரப் பட்டறையில் அனுபவம் உண்டு. லிஃப்டும் நல்ல ஸ்கேனரும் பெரும்பாலும் இல்லை. பெரிய சர்வீஸ் சென்டரில் கருவிகள் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்க நேரம் ஒதுக்குவது குறைவு. இரண்டு இடத்திலும் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி கேட்க முடிவதில்லை. பாகம் மாற்றினால்தான் பணம். ஒரு மணி நேரம் யோசித்து ஒரு ஒயரை ஒட்டித் தருபவருக்கு நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கும் நாம், தேவையில்லாத காயில் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். இந்தக் கணக்கை வண்டிக்காரர்களே மாற்ற வேண்டும்.

ஆகவே பட்டறைக்குப் போகும்போது "வண்டி உதறுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்தக் கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, எங்கே தெரிகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். பாகம் மாற்றுவதற்கு முன் அதுதான் காரணம் என்பதற்கு என்ன சோதனை செய்தார் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்டுபிடித்துத் தந்தவருக்கு, பாகம் எதுவும் மாறாவிட்டாலும், உரிய கூலியைக் கொடுங்கள்.